எந்த செல்வராஜ்?

டிஸ்கி: இது பொட்டி தட்டுற சமாச்சாரம். ஜாவான்னா தீவுதானேன்னு கேக்குறவங்களும் தைரியமா படிக்கலாம். நடுவுல நாலஞ்சு பத்தி மட்டும் கொஞ்சம் ஆணி குத்தும், பொறுத்துக்கோங்க :-)

முதல்ல ஒரு கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

அம்மாச்சி ஊரு விளாத்திகுளம் பக்கம் ஒரு சின்ன கிராமம். ஊர்ல மொத்தம் நாலு செல்வராஜ். முதல் ஆளு வெறும் செல்வராஜ். அவர்தான் ஊருக்கு மூத்த செல்வராஜ், அதனால பட்டப்பேர் எதுவும் கிடையாது. ரெண்டாவது ஆளு கோவில்பட்டி மில்லுக்கு வேலைக்குப் போனவர், மில்லு செல்வராஜ். மூணாவதும் நாலாவதும் டெய்லருங்க. ஒருத்தர் கிணத்தடி டெய்லர், இன்னொருத்தர் பஸ் ஸ்டாப்பு டெய்லர். அதாவது டெய்லர்னு மட்டும் சொன்னாப் பத்தாது, இடமும் சேத்துச் சொல்லணும். ரெண்டும் பொருந்தினாத்தான் ஆள் சிக்குவாரு.

எங்க ஊர் போஸ்ட்மேன் கறாரான ஆளு. 'செல்வராஜ்'னு மட்டும் எழுதி லெட்டர் வந்தா டீக்கடையில நின்னு "எந்த செல்வராஜ்?"னு சத்தமா கேப்பாரு. பதில் வரலைன்னா லெட்டர் திரும்ப பைக்குள்ள போயிரும். ஊர்ல நாலு பேர் அவரைத் திட்டுவாங்க. அவரு கண்டுக்க மாட்டாரு.

அவர் லீவுல போன ஒரு மாசம், பதிலுக்கு ஒரு தம்பி வந்தார். பம்பாயில இருந்து கிணத்தடி டெய்லருக்கு மகன் அனுப்பின மணியார்டர் வந்துச்சு. ஃபாரத்துல வெறும் செல்வராஜ். தம்பி யாரையும் கேக்கலை, நேரா வெறும் செல்வராஜ் வீட்டுக்குப் போயி கையெழுத்து வாங்கிக் கொடுத்துட்டார். கையெழுத்துல என்ன தப்பு சொல்ல முடியும்? அவர் பேரும் செல்வராஜ்தானே! பணம் மூணு நாள்ல செலவாகிப் போச்சு. பஞ்சாயத்து ஆறு மாசம் ஓடுச்சு.

கொசுவர்த்தி அணைச்சாச்சு. இப்ப பொட்டிக்கு வருவோம்.

ஸ்பிரிங்னு ஒரு ஜாவா ஃபிரேம்வொர்க் இருக்கு, பொட்டி தட்டுறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ராட் ஜான்சன்னு ஒருத்தர் 2002-ல ஜே2இஇ பத்தி ஒரு தலகாணி சைஸ் புத்தகம் எழுதினார். அதோட வந்த கோட்ல இருந்து வளர்ந்ததுதான் ஸ்பிரிங். 1.0 வந்தது 2004 மார்ச்ல. அதே வருஷம் ஜனவரியிலதான் மார்ட்டின் ஃபௌலர் ஒரு கட்டுரையில இந்த வித்தைக்கு 'டிபெண்டன்ஸி இன்ஜெக்‌ஷன்'ங்கற பேரை விளக்கமா எழுதி நிலைநிறுத்தினார். பேரு பயமுறுத்தினாலும் விஷயம் சின்னது. ஒரு கிளாஸுக்கு வேலை செய்ய இன்னொரு ஆள் வேணும்னா, அதுவே போயி ஆளைத் தேடக் கூடாது. "எனக்கு இந்த மாதிரி ஒரு ஆள் வேணும்"னு வாசல்ல எழுதிப் போட்டாப் போதும். கண்டெய்னர் கொண்டாந்து விடும். அப்படிக் கொண்டாந்து விடப்படுற ஆளுக்குப் பேரு பீன்.

ஆரம்பத்துல எல்லாம் எக்ஸ்எம்எல். பக்கம் பக்கமா எழுதுவோம். எரிச்சலா இருக்கும். ஆனா ஒரு நல்லது இருந்துச்சு. பெரும்பாலும் எந்த பீனுக்கு எந்த பீன்னு ஐடி போட்டு நாமளே எழுதிருவோம். வீட்டு நம்பர் போட்டு லெட்டர் எழுதுற மாதிரி. எந்த செல்வராஜ்ங்கற கேள்வியே வராது.

2007 நவம்பர்ல ஸ்பிரிங் 2.5 வந்துச்சு. @ஆட்டோவயர்ட்னு ஒரு அன்னோட்டேஷன். ஃபீல்டு தலையில அதை ஒட்டினாப் போதும், டைப்பைப் பாத்து கண்டெய்னரே ஆளைப் புடிச்சுத் தரும். எக்ஸ்எம்எல் எழுதி எழுதித் தேஞ்ச எங்களுக்கெல்லாம் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி இருந்துச்சு. அந்த டைப்ல ஊருக்கு ஒரே ஆளு இருக்கற வரைக்கும் பிரச்சினையே இல்ல.

ரெண்டாவது செல்வராஜ் பொறந்தப்பதான் கதை ஆரம்பம்.

2011. ஓ.எம்.ஆர்.ல ஒரு கம்பெனி. பேரெல்லாம் வேணாம். கடன் கொடுக்கற ஒரு நிறுவனத்துக்காக நாங்க ஒரு அப்ளிகேஷன் எழுதிக்கிட்டிருந்தோம். தவணை கட்டாதவங்களுக்கு ராத்திரியில கணக்குப் பாத்து, காலையில குறுஞ்செய்தி அனுப்பணும். 'உங்கள் கடனில் இவ்வளவு பாக்கி, ஏழு நாளுக்குள் கட்டவும்' வகையறா. அதுக்கு ஒரு இன்டர்ஃபேஸ். கோட்ல இருந்த இங்கிலீஷ் பேரையெல்லாம் இங்க தமிழ்லயே சொல்றேன். இன்டர்ஃபேஸ் பேரு தூதர். அதைச் செய்யற பீன் ஒண்ணே ஒண்ணு. பீனோட பேரும் தூதர். வேற ஆளே இல்லாதப்ப அடைமொழி எதுக்கு? பேர் வச்சது நான்தான். மூத்த செல்வராஜ் மாதிரி, வெறும் தூதர்.

ஆறு மாசம் கழிச்சு கிளையன்ட் ஒரு ஒத்திகை வேணும்னாங்க. மாசக் கடைசிக்கு முன்னாடி மொத்தக் கணக்கும் ஓடணும், யாருக்கு என்ன செய்தி போகும்னு லாக் ஃபைல்ல மட்டும் எழுதணும், ஒரு செய்தி கூட வெளிய போகக் கூடாது. சரின்னு ரெண்டாவது பீன் எழுதினேன். ஒத்திகைத்தூதர். செய்தியை வாங்கி லாக்ல எழுதிட்டு கம்முனு இருந்துரும்.

சர்வரைக் கிளப்பினா கிளம்பலை. ஒத்திகை கிளாஸ்ல ஃபீல்டுக்கு 'அனுப்பி'ன்னு ஏதோ பேர் வச்சிருந்தேன். ஒரு ஆளை எதிர்பாத்தேன், ரெண்டு பேர் நிக்கறாங்கன்னு எர்ரர். அதுலயும் வேடிக்கை, அந்தக் காலத்து எக்ஸெப்ஷனோட பேரு 'அப்படி ஒரு பீன் இல்லை'. ரெண்டு இருக்கும்போது இல்லைன்னு பேரு! இதுக்குன்னே தனி எக்ஸெப்ஷன், 'ஒரே பீன் இல்லை'ங்கற அர்த்தத்துல, 2013-ல 3.2.1 வெர்ஷன்லதான் வந்துச்சு.

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி. தங்கமணி ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க. தேடினேன். ஸ்பிரிங்ல ஒரு சலுகை இருக்கு. டைப்படி பாத்து ரெண்டு மூணு ஆள் சிக்கினா, கடைசி முயற்சியா ஃபீல்டோட பேரைப் பாக்கும். அதே பேர்ல ஒரு பீன் இருந்தா அதை எடுத்துக்கும். அட, இவ்வளவுதானான்னு ஃபீல்டு பேரை 'ஒத்திகைத்தூதர்'னு மாத்தினேன். சர்வர் கிளம்பிருச்சு. மத்த கிளாஸ்ல எல்லாம் ஃபீல்டு பேர் முன்னாடியே 'தூதர்'னு இருந்ததால அதெல்லாம் தானா நிஜ ஆளைப் புடிச்சுக்குச்சு. நானும் பத்தே முக்காலுக்கு வண்டியைக் கிளப்பிட்டேன்.

இப்ப யோசிச்சா, அன்னைக்கு நான் எதையும் தீர்க்கலை. கறார் போஸ்ட்மேன் டீக்கடையில நின்னு "எந்த செல்வராஜ்?"னு கேட்டாரு. பதில் சொல்லாம, லீவுல அனுப்பி விட்டுட்டு, பதிலுக்கு வந்த தம்பிகிட்ட லெட்டரைக் கொடுத்துட்டேன்.

மூணு மாசம் ஓடுச்சு. டீம்ல ஒரு தம்பி சேர்ந்தார். விருதுநகர்க்காரர், காலேஜ் முடிச்சு ஒரு வருஷம்தான். தங்கமான பையன். எல்லாரையும் ஜின்னு கூப்பிடற ஆபீஸ்ல என்னை மட்டும் அண்ணேன்னு கூப்பிடுவார். ஒத்திகை கிளாஸ்ல ஏதோ சின்ன மாத்தம் செஞ்சிருந்தார். நான் டீ கிளாஸோட அவர் சீட்டுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாத்தேன். அப்பல்லாம் எங்க டீம்ல கோட் ரிவ்யூன்னா அதுதான்.

"ஏன்ப்பா, மத்த கிளாஸ்ல எல்லாம் தூதர்னு இருக்கு. இங்க மட்டும் ஏன் ஒத்திகைத்தூதர்? ஒரே மாதிரி வச்சிரு, படிக்க நல்லாருக்கும்."

"சரிண்ணே."

அவ்வளவுதான். நான் எழுதின கோடு, எந்தப் பேரை நம்பி நின்னுச்சோ அந்தப் பேரை நானே மாத்தச் சொன்னேன். மூணு மாசத்துல எனக்கே மறந்து போச்சு. ஃபீல்டு பேர்ங்கறது கிளாஸுக்கு உள்ள இருக்கற சொந்த விஷயம், மாத்தினா வெளிய எதுவும் உடையாதுன்னுதானே படிச்சோம்? கம்பைல் ஆச்சு. டெஸ்ட் எல்லாம் பச்சை. டெஸ்ட்ல நாங்களே கையால ஒரு டம்மியைத் திணிச்சிருந்தோம், அதனால கண்டெய்னர் யாரைக் கொடுக்கும்ங்கறது அங்க தெரியவே தெரியாது. சர்வரும் ஒரு முனகல் இல்லாம கிளம்புச்சு. கிளம்பாம என்ன? தூதர்னு பேர் வச்ச ஃபீல்டுக்கு, தூதர்னு பேர் வச்ச பீன் அழகாப் பொருந்துச்சு. கையெழுத்தும் செல்லும், பேரும் பொய்யில்ல.

அந்த மாச ஒத்திகை ராத்திரி ஓடுச்சு. ஒத்திகைக்குக் கொடுத்திருந்தது ரெண்டு மாசம் பழைய டேட்டா. காலையில ஆறு மணிக்கு கிளையன்ட் பக்கம் யாரோ பாத்து நிறுத்தறதுக்குள்ள ஆயிரத்து எட்டுநூத்துச் சொச்சம் பேருக்கு நிஜமாவே செய்தி போயிருந்துச்சு. அதுல நிறைய பேர் இடைப்பட்ட மாசத்துல கட்டி முடிச்சவங்க.

அன்னைக்கு மதியம் கான்ஃபரன்ஸ் கால். கிளையன்ட் பக்கத்து மேடம் ஒருத்தங்க பேசினாங்க. கத்தலை, திட்டலை. ஒரு விஷயம் மட்டும் சொன்னாங்க. ஒரு கிளையில, கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே ஒரு பெரியவர் வந்து வாசல்ல உக்காந்திருக்கார். மஞ்சப்பையில அத்தனை ரசீதையும் எடுத்துக்கிட்டு, விடியற்காலை முதல் பஸ்ஸைப் புடிச்சு வந்திருக்கார். கடன் போன மாசமே முடிஞ்சிருச்சு. "நான் கட்டிட்டேனுங்களே, கட்டிட்டேனுங்களே"ன்னு ஒவ்வொரு ரசீதா மேசையில எடுத்து வச்சாராம். அவங்க மன்னிப்புக் கேட்டும், அந்த செய்தி தப்புன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டுத்தான் போனாராம்.

கால் முடிஞ்சதும் ரூம்ல அஞ்சு பேர். டேமேஜர் ஒரே கேள்விதான் கேட்டார். "யார் மாத்தினது?"

வெர்ஷன் கன்ட்ரோல்ல பேர் இருந்துச்சு. அந்த வரிக்கு நேரா தம்பியோட பேர்.

டீ கிளாஸோட பின்னாடி நின்னவன் பேர் எந்த வெர்ஷன் கன்ட்ரோல்லயும் இருக்காது. தம்பி என்னைப் பாக்கலை, மேசையைப் பாத்துக்கிட்டிருந்தார். நான் வாயைத் தொறந்திருக்கணும். 'நான்தான் மாத்தச் சொன்னேன், அதுக்கு முன்னாடி அப்படி ஒரு கண்ணியை வச்சதும் நான்தான்'னு சொல்ல பத்து செகண்டு ஆகியிருக்குமா? எனக்கு அப்ப ஆன்சைட் பேச்சு நடந்துக்கிட்டிருந்துச்சு. நான் சொன்னது இதுதான்: "இனிமே இப்படி நடக்காம டிசைன்லயே பாத்துக்கறேன்." பொறுப்பா பேசின மாதிரியும் ஆச்சு, தப்பு வேற எங்கேயோ இருக்கற மாதிரியும் ஆச்சு.

அந்த வருஷம் தம்பிக்குக் கடைசி ரேட்டிங். எட்டு மாசத்துல வேற கம்பெனி போயிட்டார். போறப்ப எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தார், எனக்கும்.

டிசைன்ல பாத்துக்கறேன்னு சொன்னேன் இல்லையா, அதை மட்டும் உருப்படியாச் செஞ்சேன். ஆணி குத்தற பகுதி இதுதான், கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோங்க.

ஸ்பிரிங்ல @குவாலிஃபயர்னு ஒண்ணு அதே 2.5-லயே வந்துருச்சு. பட்டப்பேர் வைக்கற வசதி. @ஆட்டோவயர்ட் பக்கத்துல @குவாலிஃபயர்("ஒத்திகை")ன்னு எழுதினா, அந்தப் பட்டப்பேர் இருக்கற பீன் மட்டும்தான் வரும். ஃபீல்டுக்கு என்ன பேர் வச்சா என்ன. முதல்ல இதைத்தான் செஞ்சேன். நாலு மாசம் நல்லாருந்துச்சு. அப்புறம் ஈமெயிலும் வேணும்னாங்க. இப்ப தூதர்கள் நாலு: குறுஞ்செய்தி நிஜம், குறுஞ்செய்தி ஒத்திகை, ஈமெயில் நிஜம், ஈமெயில் ஒத்திகை. பட்டப்பேர் நீள ஆரம்பிச்சுது. 'ஒத்திகைக்குறுஞ்செய்தி'ன்னு ஒருத்தர், 'குறுஞ்செய்திஒத்திகை'ன்னு இன்னொருத்தர். எல்லாம் வெறும் எழுத்துச் சரம், ஒரு எழுத்து பிசகினா சர்வர் கிளம்பறப்பதான் தெரியும். போதாக்குறைக்கு, பட்டப்பேர் எதுவும் வைக்காத பீனுக்கு அதோட பீன் பேரையே பட்டப்பேரா எடுத்துக்கற சலுகை வேற. திரும்பவும் பேரை நம்பித்தான் பொழப்பு.

அப்பதான் ஸ்பிரிங் கையேட்டை ஒழுங்கா உக்காந்து படிச்சேன். சினிமா கேட்டலாக் உதாரணம் ஒண்ணு அதுல வரும். ஒரு பக்கம் படம் எந்த வடிவம்: விஹெச்எஸ், டிவிடி, ப்ளூரே. இன்னொரு பக்கம் எந்த ரகம்: ஆக்‌ஷன், காமெடி. ஊர்ல கேசட் கடையெல்லாம் காணாமப் போயி எத்தனையோ வருஷமாச்சு, ஸ்பிரிங் கையேட்டுல மட்டும் விஹெச்எஸ் டேப்பு சாகாவரம் வாங்கிட்டு உக்காந்திருக்கு :-) அந்த உதாரணம் சொல்ற விஷயம் என்னன்னா, ஒரே பட்டப்பேர்ல எல்லாத்தையும் திணிக்காதீங்க. சொந்தமா ஒரு அன்னோட்டேஷன் செஞ்சு, அதுக்குத் தனித்தனி அட்ரிப்யூட் கொடுங்க. அத்தனை அட்ரிப்யூட்டும் பொருந்தற பீனைத்தான் கண்டெய்னர் ஏத்துக்கும். ஒண்ணு பிசகினாலும் ஆள் தேர்வுக்கே வர மாட்டாரு.

அதாவது டெய்லர், கிணத்தடி. ரெண்டும் சேந்து பொருந்தணும்.

இப்படி எழுதினேன்:

@அனுப்புமுறை(வழி = குறுஞ்செய்தி, நிலை = ஒத்திகை)

வழியும் நிலையும் ஈனம். பேரைப் பாத்து முகம் சுளிக்காதீங்க, ஜாவால ஈனம்ங்கறது மானமுள்ள சாமான்தான். இந்த இந்த மதிப்பு மட்டும்தான் வரலாம்னு முன்கூட்டியே வரையறுத்து வைக்கறது. எழுத்துப் பிழை இருந்தா கம்பைலரே மண்டையில கொட்டும். சர்வர் கிளம்பற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

பீன் பக்கமும் இதே மாதிரி அடையாளம் ஒட்டணும். கிளாஸ் தலையில அதே அன்னோட்டேஷனை ஒட்டலாம். பழைய எக்ஸ்எம்எல் ஆசாமிகளா இருந்தா குவாலிஃபயர்னு ஒரு டேக் போட்டு, அதுக்குள்ள அட்ரிப்யூட் டேக்ல கீ இன்னது, மதிப்பு இன்னதுன்னு எழுதலாம். அதுவும் இல்லைன்னா மெட்டா டேக்ல எழுதினாலும் கண்டெய்னர் தேடிப் பாத்துக்கும். எங்களது பாதி எக்ஸ்எம்எல், பாதி அன்னோட்டேஷன். ரெண்டும் கலந்து ஓடுச்சு.

இதுல ஒரு சின்ன விஷயத்துக்காக டீம்ல ஒரு நாள் பூரா சண்டை போட்டேன். நிலைங்கற அட்ரிப்யூட்டுக்கு டீஃபால்ட் வைக்கலாமா வேணாமா? "பெரும்பாலும் நிஜம்தான் வேணும், அதை டீஃபால்ட்டா வச்சிருவோம், ஒத்திகைன்னா மட்டும் எழுதிக்கலாம்"னாங்க. நியாயமாத்தான் தெரியும். பீன் பக்கம் ஒரு அட்ரிப்யூட்டை எழுதாம விட்டா, ஸ்பிரிங் அந்த டீஃபால்ட்டைத்தான் எடுத்துக்கும். அப்ப மறந்துபோன ஒவ்வொரு இடமும் நிஜமாயிரும். அடைமொழி இல்லாதவன் நிஜம்னு ஆக்கினதுதானே மொதத் தப்பு? டீஃபால்ட் வைக்கலை. இப்ப நிலையை எழுதாம அந்த அன்னோட்டேஷனை ஒட்டினா கம்பைலே ஆகாது. எக்ஸ்எம்எல்ல எழுதாம விட்டா பீன் பொருந்தாது, சர்வர் கிளம்பாது. நிஜமா அனுப்பப் போறியா, ஒத்திகையா? ஒவ்வொரு தடவையும் வாய் விட்டுச் சொல்லித்தான் ஆகணும்.

இன்னொண்ணு. பட்டப்பேர்னதும் ஊருக்கு ஒண்ணுதான் இருக்கணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அப்படி இல்ல. அது ஒரு சல்லடைதான். ஒரே குவாலிஃபயர் பத்து பீனுக்கு இருக்கலாம். ஒரு ஆளைக் கேக்காம ஒரு லிஸ்ட்டைக் கேட்டா, பொருந்தற எல்லாரையும் கூட்டிட்டு வந்து நிறுத்தும். டெய்லருங்க எல்லாரும் வாங்கன்னு டமாரம் அடிக்கற மாதிரி.

மத்த வீட்டுலயும் எட்டிப் பாத்தேன். 2007-ல கூகுள்ல இருந்து வந்த கைஸ்ல ஃபீல்டு பேரைப் பாத்து முடிவு பண்ற பழக்கமே கிடையாது. டைப்பும் அதோட சேத்து ஒட்டின அன்னோட்டேஷனும்தான் கணக்கு. 2009 டிசம்பர்ல ஜாவா இஇ 6 கூட வந்த சிடிஐயும் அப்படித்தான். ரெண்டு பேர் பொருந்தினா டிப்ளாய் ஆகாமலே நின்னுரும். அதுலயும் குவாலிஃபயருக்கு அட்ரிப்யூட் கொடுக்கலாம், வெறும் விளக்கத்துக்காக எழுதற அட்ரிப்யூட்டைப் பொருத்தம் பாக்கறப்ப கணக்குல சேக்காதேன்னு தனியாக் குறிக்கவும் முடியும். எல்லாம் கறார் போஸ்ட்மேனுங்க. ஸ்பிரிங் மட்டும்தான் 'பேர் ஒத்துப்போகுதே, பரவாயில்ல'ன்னு இரக்கம் காட்டற பார்ட்டி. பல நாள் அந்த இரக்கத்துல நானும் குளிர் காஞ்சவன்தான், குத்தம் சொல்ல யோக்கியதை இல்ல.

வருஷங்கள் ஓடிப்போச்சு. ரெண்டு கம்பெனி மாறினேன், தலையில பாதி முடி போச்சு.

2024-ல இப்போதைய ஆபீஸ்ல ஒரு சர்வீஸை ஸ்பிரிங் 6.1-க்கு மாத்தினோம். சர்வர் கிளம்பலை. ஒரே பீன் எதிர்பாத்தேன், ரெண்டு இருக்கு. அதே பழைய பாட்டு! கோட்ல யாரும் எதையும் மாத்தலை. பாத்தா, மூணு இடத்துல கன்ஸ்ட்ரக்டர் பாராமீட்டரோட பேரை நம்பி ஓடிக்கிட்டிருந்திருக்கு. ஃபீல்டு பேர் கம்பைல் ஆன பிறகும் கிளாஸ் ஃபைல்ல அப்படியே இருக்கும். பாராமீட்டர் பேர் அப்படி இல்ல. பழைய ஸ்பிரிங், டீபக் தகவலுக்குள்ள கையை விட்டு அந்தப் பேரைத் தோண்டி எடுத்துச்சு. 2023 நவம்பர்ல வந்த 6.1-ல அந்தத் தோண்டற வேலையை நிறுத்திட்டாங்க. கம்பைல் பண்றப்ப 'பாராமீட்டர்ஸ்'ங்கற கொடியைப் போட்டாத்தான் பேர் கிடைக்கும். எங்க பில்டுல அது இல்ல.

டீம்ல இருந்த பொண்ணு அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருச்சு. "சார், பில்டுல ஒரு வரி சேத்தாப் போதும், ஓடிரும்." கொடியைச் சேக்கத்தான் வேணும், தப்பில்ல. ஆனா அந்த மூணு இடத்துலயும் குவாலிஃபயரும் போடணும்னேன். ஏன் சார் ரெண்டு வேலைன்னு கேட்டுச்சு. மஞ்சப்பைக்காரர் கதையைச் சொன்னேன். அந்த வயசுல நானே கேட்டிருக்க வேண்டிய கதை, அதனால பொறுமையா முழுசாச் சொன்னேன். டீ கிளாஸை மட்டும் விட்டுட்டேன்.

பொண்ணு எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "அந்த அண்ணா என்ன ஆனார் சார்?"

பதில் தெரியலை. பதிமூணு வருஷத்துல நான் ஒரு தடவை கூட விசாரிக்கலை.

ராத்திரி ரெண்டு மூணு பேரைப் புடிச்சு நம்பர் வாங்கினேன். போட்டேன். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுக்காம இருந்தா நல்லாருக்கும்னு கூட ஒரு நெனப்பு. எடுத்துட்டார்.

"அண்ணே! எப்டிண்ணே இருக்கீங்க?"

அதே குரல். சுத்தி வளைக்காம சொல்லிட்டேன். அன்னைக்கு டீ கிளாஸோட பின்னாடி நின்னது, பேரை மாத்தச் சொன்னது, ரூம்ல வாயைத் தொறக்காதது, ஏன் தொறக்கலைங்கறது வரைக்கும்.

கொஞ்ச நேரம் பேச்சில்ல. அப்புறம் சொன்னார். "தெரியும்ணே. நீங்க சொன்னது எனக்கு மறக்குமா? நானும் சொல்லியிருக்கலாம். ரசீதை ஒண்ணொண்ணா எடுத்து வச்சாருன்னு அந்த மேடம் சொன்னாங்க பாருங்க, எங்கப்பாவும் ரசீதை அப்படித்தான் மஞ்சப்பையில வச்சிருப்பாரு. அதுக்கப்புறம் எனக்கு வாயே வரலை. யார் மாத்தச் சொன்னா என்ன, கை என்னதுதானேன்னு இருந்துச்சு."

"ரேட்டிங்..." ன்னு இழுத்தேன்.

"அதுல வருத்தம் இருந்துச்சுண்ணே. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் இருந்துச்சு." அப்புறம் அவரே பேச்சை மாத்தினார். இப்ப கோயமுத்தூர்ல ஒரு டீமுக்கு லீடாம். "எங்க டீம்ல ரிவ்யூ எதுவா இருந்தாலும் எழுத்துலதாண்ணே. வாயால சொன்னா மாத்தக் கூடாதுன்னு வச்சிருக்கேன். சொன்னது யாரு, எதுக்குச் சொன்னாங்க, ரெண்டும் அதுல இருக்கணும்."

ரெண்டு அட்ரிப்யூட். நான் சொல்லலை, மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன்.

மன்னிச்சிட்டேன்னு அவர் சொல்லலை. நானும் கேக்கலை. பொங்கலுக்கு விருதுநகர் வந்தா வீட்டுக்கு வாங்கண்ணேன்னு சொன்னார். போகணும்.

பி.கு: பொட்டி தட்டற மக்களே, உங்க கோட்லயும் பட்டப்பேர் இல்லாத மூத்த செல்வராஜ் யாராவது உக்காந்திருப்பாரு. ரெண்டாவது ஆள் வர்றதுக்குள்ள அவருக்கு ஒரு அடைமொழி வச்சிருங்க. சர்வர் கிளம்ப மாட்டேன்னு அடம் புடிச்சா எரிஞ்சு விழாதீங்க. போஸ்ட்மேன் டீக்கடையில நின்னு கேள்வி கேக்கறாருன்னு நெனச்சுக்கிட்டு, ஒழுங்கா பதிலைச் சொல்லிட்டு வீட்டுக்குக் கிளம்புங்க :-)